திருகோணமலைத் துறையும் தொழிற்சாலைக் கழிவுநீரும்

ஈழநாட்டின் கீழ்க்கரையிலே இயற்கை தானே வகுத்தமைத்த திருகோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இதனைக் கைக்கொள்ள முனைந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று அதன் ஆழம். மற்றொன்று அதன் அடைப்பு. சூழ நிற்கும் குன்றுகளும் முனைகளும் தீவுகளும் வெளிக்கடலின் அலையை உள்ளே புகவொட்டாது தடுத்து நிற்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வெளியே குமுறுங்காலத்தும் உட்துறையிலே மரக்கலங்கள் அமைதியாக நங்கூரமிட்டுக் கிடக்கும்.

ஆனால், அலையை உள்ளே விடாத அரண், உள்ளே வீழ்ந்த அழுக்கை வெளியே விடுவதிலும் தயக்கங் காட்டும். கப்பலோட்டிகள் வியந்து போற்றிய அதே அமைப்பு, கைத்தொழில் பெருகிய இக்காலத்திலே இத்துறையின் மென்மையான உறுப்பாகவும் அமைந்துவிட்டது. தொழிற்சாலைக் கழிவுநீரை முறையாகச் சுத்திகரித்தல் எல்லா ஊர்களுக்கும் வேண்டற்பாலது, திருகோணமலைக்கோ இன்றியமையாதது. அவ்வாறு கூறுதற்குரிய காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் இயல்பு

கடலுக்குத் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. கலக்கும் அழுக்கை நீர்ப்பெருக்கம் ஐதாக்குகின்றது. வற்றுப்பெருக்கு அதனை வெளியே கொண்டுசெல்கின்றது. நுண்ணுயிர்கள் எஞ்சியதைச் சிதைக்கின்றன. இம்மூன்றனுள் வற்றுப்பெருக்கின் உதவி திருகோணமலைக்குக் குறைவாகவே கிடைக்கின்றது. இங்கிலாந்தின் சில கழிமுகங்களிலே கடல்மட்டம் நாடோறும் பல மீற்றர் ஏறி இறங்கும். திருகோணமலையிலோ அவ்வேற்றவிறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைந்தது. ஆகவே, உட்குடாக்களின் நீர் புதுநீராக மாறுதற்குக் காலம் மிகுதியாக வேண்டும்.

தெற்கே கொட்டியாரக்குடாவில் மகாவலி கங்கை வந்து கலக்கின்றது. அக்குடாவின் அடியிலே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கொன்று தொடங்கி வெளிக்கடலை நோக்கிச் செல்கின்றது. மாரிகாலத்து வெள்ளம் குடாவை ஓரளவு கழுவிவிடும். கோடை நீண்டு ஆறு மெலியும் மாதங்களிலே அவ்வுதவியும் சுருங்கும். மேற்கே தம்பலகாமக்குடா இன்னும் அடைப்பானது. கிண்ணியாவுக்கு அருகேயுள்ள ஒடுங்கிய வாயிலாலேயே அது கடலோடு தொடர்புகொள்கின்றது. ஆழங்குறைந்த அந்நீரிலே யன்னற்சிப்பி எனத்தகும் தட்டையான சிப்பியினம் முற்காலத்திற் செழித்து வளர்ந்தது. அதனிடத்து விளையும் சிறுமுத்தின் பொருட்டுக் குளிப்பு நடைபெற்றது. 1850களிலே கேலார்ட் என்னும் அறிஞர் அச்சிப்பியை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சிப்பியினம் நீரை வடித்து உணவு கொள்வது. நீரில் உள்ளது எதுவோ அதுவே அதன் உடலிலும் சேரும். எனவே, குடாவின் தூய்மைக்கு அதனினும் சிறந்த சான்று பிறிதில்லை.

நீரின் மூச்சு

கழிவுநீர் எவ்வாறு தீங்கு செய்கின்றது என்பதை அறிதற்கு நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைப் பற்றி அறிதல் வேண்டும். மீன் மூச்சுவிடுவது நீரிற் கரைந்த ஒட்சிசனாலேயே. குளிர் மிகுந்த நன்னீர், உறைநிலையை அடுத்திருக்கும்போது, லீற்றரொன்றுக்கு 14 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஒட்சிசனைக் கொள்ளவல்லது. வெப்பம் ஏற ஏறவும் உப்பு மிக மிகவும் இக்கொள்ளளவு குறையும். 30 பாகை வெப்பமுள்ள கடல்நீர் லீற்றரொன்றிலே ஏறத்தாழ 6 மில்லிகிராம் மட்டுமே தங்கும். அது 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குமாயின் நீந்தவல்ல மீன்கள் அவ்விடத்தை விட்டோடும், ஓடமாட்டாதன மாளும். குளிர்நாட்டு ஆற்றுக்குள்ள கைம்முதலிற் பாதியுங் கொண்டதன்று கீழ்த்திசைக் கடல் என்பது இதனாற் பெறப்படும்.

கழிவிலுள்ள சேதனப் பொருளைப் பற்றீரியாக்கள் உண்டு சிதைக்கும்போது அவை ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றன. ஒரு லீற்றர் கழிவுநீரிலுள்ள அத்தகைய பொருள் 20 பாகை வெப்பநிலையில் ஐந்து நாளிலே எத்தனை மில்லிகிராம் ஒட்சிசனை வாங்குகின்றது என்ற அளவே உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி எனப்படும். கேள்வி என்பது ஈண்டுத் தேவை என்னும் பொருளது. இவ்வளவை பிரித்தானியாவில் 1898 தொடக்கம் 1915 வரை இயங்கிய அரச ஆணைக்குழுவின் ஆராய்ச்சியால் நிலைபெற்றது.

இதனை எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். பால் நஞ்சன்று, குழந்தைக்கும் ஊட்டப்படுவது. எனினும், பாலின் ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு ஏறத்தாழ 1,00,000 மில்லிகிராம் ஆகும். ஒரு லீற்றர் பாலைக் குடாவிற் கொட்டினால், அது முற்றாகச் சிதைவதற்குள் 16,000 லீற்றருக்கு மேற்பட்ட கடல்நீரின் ஒட்சிசன் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். காற்றிலிருந்து புதிய ஒட்சிசன் வந்து சேர்வது உண்மையே. ஆனால், செலவு வரவினும் மிக்கதாயின் நீர் மூச்சடைத்துப் போகும். கழிவு எனின் நஞ்சாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தவறானது. அரிசி கழுவிய நீரும், மீன் கழுவிய நீரும், சர்க்கரைப்பாகும் அளவு மிஞ்சினால் மீனைக் கொல்லவல்லன.

துறையைச் சூழ்ந்த தொழில்கள்

திருகோணமலை மாவட்டத்தின் தொழில்கள் பலதிறத்தன. சீனக்குடாவிலே பிரித்தானியர் அமைத்த எண்ணெய்க் குதங்கள் 99 இன்றும் நிற்கின்றன. தொடக்கத்தில் 101 இருந்தன. 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலின்போது அவற்றுளொன்று எரிந்தழிந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளவல்லது. அதே குடாப் பகுதியில் 1980களின் தொடக்கத்தையொட்டிப் பெரிய மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்தன. வடக்கே புல்மோட்டையில், 1957 இல் அரசினர் நிறுவிய கூட்டுத்தாபனத்தின் வழியாக, இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் ஆகிய கனிமங்கள் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு வருகின்றன. கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளின் வயல்களை அடுத்து நெல் அவிக்கும் ஆலைகள் உள்ளன. மீன் இறங்குதுறைகளும், உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளும் இவற்றோடு சேர்த்து எண்ணற்பாலன.

இவற்றுள் எதனையுங் குற்றஞ் சாட்டுதல் இங்கு நோக்கமன்று. ஒவ்வொரு தொழிலின் கழிவும் தன்மையால் வேறுபட்டது என்பதே கருதற்பாலது. எண்ணெய்க் குதத்தின் அடியிலே தங்கும் நீரும் குதத்தைச் சூழ்ந்த அணைக்குள் விழும் மழைநீரும் எண்ணெய் கலந்தவை. சீமெந்துத் துகள் கலந்த கழுவுநீர் காரம் மிகுந்தது. நெல் ஊறவைத்த நீர் மாப்பொருளும் புளித்த மணமுங் கொண்டது. அதன் ஒட்சிசன் கேள்வி பெரிது. மீன் கழுவிய நீரிலே இரத்தமும் கொழுப்பும் நைதரசனும் மிகும். ஆதலால், ஓரிடத்துக்குப் பொருந்திய சுத்திகரிப்பு மற்றோரிடத்துக்குப் பொருந்தாது. நோய்க்கேற்ற மருந்து போலக் கழிவுக்கேற்ற முறை வகுக்கப்படல் வேண்டும்.

சுத்திகரிப்பின் படிகள்

கழிவுநீர் முதலிலே கம்பிச் சல்லடைகளினூடு சென்று பருப்பொருள்களை இழக்கின்றது. பின்னர் அது பெரிய தொட்டியொன்றிலே சேர்த்துக் கலக்கப்படுகின்றது. ஆலையின் ஒரு வேளைக் கழிவு கடுமையாகவும் மற்றொரு வேளைக் கழிவு ஐதாகவும் இருக்குமாதலின், இரண்டனையும் சமப்படுத்துதல் பின்வரும் படிகளுக்கு ஆதாரமாகும். காரம் மிக்க நீர் அமிலத்தாலும் அமிலம் மிக்க நீர் சுண்ணாம்பாலும் நடுநிலைக்குக் கொண்டுவரப்படும். எண்ணெய் கலந்த நீர் அசைவற்ற நீண்ட தொட்டியில் மெல்லச் செல்லும்போது எண்ணெய் மேலே மிதக்க, அதனை வழித்தெடுப்பர். மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகளை மேலெழுப்பக் காற்றுக் குமிழிகளைச் செலுத்துவர்.

அடுத்தது தெளிவித்தல். கலங்கல் நீரிலுள்ள நுண்துகள்கள் ஒரேவகை மின்னேற்றங் கொண்டமையால் ஒன்றையொன்று விலக்கித் தாமே படியமாட்டா. படிகாரத்தைச் சேர்த்தால் அவ்விலக்கம் தணிந்து துகள்கள் திரண்டு அடியிற் படியும். தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தே இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிவித்தனர் முன்னோர். கலித்தொகையிலும் இச்செயல் உவமையாக வந்துள்ளது. வீட்டிற் குடத்தளவிலே நிகழ்ந்தது ஆலையிலே குளத்தளவில் நிகழ்கின்றது.

கரைந்துள்ள சேதனப் பொருளோ படிகாரத்துக்கு முற்றும் அகப்படாது. அதனை நீக்குவன நுண்ணுயிர்களே. 1914 ஆம் ஆண்டிலே மான்செஸ்ரரில் ஆடனும் லொக்கற்றும் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது. கழிவுநீருக்குட் காற்றை ஓயாது செலுத்தினால் பற்றீரியாக்கள் பெருகித் திரண்டு பழுப்புநிறச் சேறாகின்றன. அச்சேற்றை வெளியே எறிந்துவிடாது புதிய கழிவுநீருடன் மீண்டுங் கலப்பதே அவர்கள் கண்ட நுட்பம். அவ்வாறு செய்ய, பல நாளில் நிகழவேண்டிய சிதைவு சில மணி நேரத்தில் நிகழ்கின்றது. கடலிலே மீனுக்குரிய ஒட்சிசனை உண்டு நடைபெறவேண்டிய அதே செயல், தொட்டிக்குள்ளே இயந்திரம் தரும் காற்றைக்கொண்டு நடைபெற்று முடிகின்றது. சுத்திகரிப்பின் முழுத் தத்துவமும் இதனுள் அடங்கும். இம்முறை செவ்வையாக நடப்பின் ஒட்சிசன் கேள்வியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீங்கும்.

வெப்ப நாட்டுக்கு இதிலே தனிப்பேறொன்றுண்டு. கடல்நீரின் ஒட்சிசனைக் குறைக்கும் அதே வெப்பம் நுண்ணுயிர்களின் செயலை விரைவுபடுத்துகின்றது. ஆகையால், நிலமுள்ள இடங்களிலே ஆழங்குறைந்த குளங்களை வரிசையாக அமைத்து, வெயிலும் பாசியும் பற்றீரியாவும் சேர்ந்து நீரைத் தூய்மையாக்குமாறு விடலாம். இதற்குச் செலவு குறைவு.

விளையும் நன்மைகள்

முதல் நன்மை மீன்வளம். ஒட்சிசன் கேள்வி 1,000 மில்லிகிராம் உள்ள கழிவுநீர் லீற்றரொன்று 160 லீற்றருக்கு மேற்பட்ட கடல்நீரின் ஒட்சிசனை வேண்டும். அதனையே 30 மில்லிகிராமுக்குக் குறைத்தால் 5 லீற்றரின் ஒட்சிசன் போதும். மூதூரிலும் கிண்ணியாவிலும் வலையெறிந்து வாழும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு வெறுங் கணக்கன்று. அடுப்பெரிதலும் எரியாமையும் ஆகும்.

இரண்டாவது, முருகைக்கற் பாறைகளும் கண்டற் காடுகளும் பிழைத்தல். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்குள்ள முருகையுயிர்கள் தம்முடலுள் வாழும் நுண்ணிய பாசிகள் வெயிலில் ஆக்கும் உணவைப் பெரிதும் நம்பியுள்ளன. கலங்கல் நீர் வெயிலைத் தடுக்கும். கழிவிலுள்ள நைதரசனும் பொசுபரசும் பெரும்பாசிகளை வளர்த்து முருகையை மூடச்செய்யும். கண்டல் மரங்களோ சேற்றுக்குமேல் நீட்டிய வேர்களால் மூச்சுவிடுவன. எண்ணெய் அவ்வேர்களின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு தடிப்பாகப் பரந்தால் ஒரு லீற்றர் எண்ணெய் 1,000 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழக் கால் ஏக்கர் நீர்ப்பரப்பை மூடும். தம்பலகாமக்குடாவின் கண்டலோரங்களிலே இறால்களும் மீன்குஞ்சுகளும் வளர்வதை நோக்கின் இதன் தீமை விளங்கும்.

மூன்றாவது, கிணறுகள் காக்கப்படல். கடலோர மணல் நிலம் மேலே வார்த்த நீரை விரைவாக உள்ளே இழுப்பது. அந்நிலத்திலே கிணற்று நீர் ஒருமுறை கெடின் மீளப் பல்லாண்டு செல்லும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமை தொடர்பான வழக்கிலே, 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. பணம் இழப்பை ஈடுசெய்யலாம். நிலத்தடி நீரை உடனே தெளிவிக்கமாட்டாது.

நான்காவது, நீரை மறுபடியும் பயன்படுத்தல். திருகோணமலை வரண்ட வலயத்தைச் சேர்ந்தது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையான மாதங்களிலேயே பொழிகின்றது. சுத்திகரித்த நீரைக் கொதிகலக் குளிரூட்டலுக்கும், தரை கழுவுதற்கும், மரஞ்செடிகளுக்கும் பாய்ச்சினால், கோடையிலே அவ்வளவு குடிநீர் ஊருக்கு மிஞ்சும். சேதனச் சேற்றைக் காற்றில்லாக் கலத்திலே புளிக்கவைத்தால் மெதேன் வாயு கிடைக்கும். எஞ்சியது, நச்சு உலோகங்கள் இல்லையென்று சோதித்தறிந்தபின், வயலுக்கு எருவாகும்.

தேமிசு ஆறு இந்நன்மைகளுக்குச் சான்று பகரும். இலண்டன் மாநகரின் கழிவால் அவ்வாற்றின் கீழ்ப்பகுதி 1957 இல் உயிரற்றதெனக் கூறப்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவாக்கப்பட்டபின், 1974 இல் சமன் மீன் அங்கே மீண்டுங் காணப்பட்டது.

மினமாற்றா தரும் படிப்பினை

இங்ஙனமாயினும், சுத்திகரிப்பு நிலையமொன்று கட்டப்பட்டவுடன் எல்லாம் நன்றாய்விட்டதெனக் கருதுதல் கூடாது. யப்பான் தேசத்து மினமாற்றாக் குடாவின் வரலாறு திருகோணமலையோர் மனத்திற் பதித்தற்குரியது. அதுவும் அடைப்பான கடல். அதன் கரையிலும் மீனுண்டு வாழும் குடிகள். 1932 முதல் அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலையொன்று அசற்றல்டிகைட்டு ஆக்கும்போது தோன்றிய பாதரசச் சேர்வையைக் குடாவில் விடுத்தது. சிப்பியிலும் மீனிலும் அது செறிந்தது. பூனைகள் வெறிகொண்டாற்போலத் துள்ளி மாண்டன. பின்னர் மனிதர் கைகால் நடுங்கி, கண்ணும் செவியும் மங்கி நோயுற்றனர். தாய் வயிற்றிலிருந்த குழவிகளையும் அந்நஞ்சு தாக்கியது. 1956 இல் நோய் முறைப்படி அறியப்பட்டது. 1959 இன் இறுதியிலே தொழிற்சாலை சுத்திகரிப்புப் பொறியொன்றை அமைத்து விழாவெடுத்தது. ஆனால், அப்பொறி பாதரசச் சேர்வையை நீக்குதற்கென அமைக்கப்பட்டதன்று. மக்கள் ஐயந்தெளிந்து மீனை உண்டனர். நஞ்சோ 1968 வரை தொடர்ந்து பாய்ந்தது. குடா தூயதென அறிவிக்கப்பட்டு அதன் வாயிலிலிருந்த வலைகள் அகற்றப்பட்டமை 1997 இலேயே.

பொறி இருந்தது, அறிவும் நேர்மையும் அதனோடு சேரவில்லை. சுத்திகரிப்பு வெறுங் கட்டடமன்று, ஒரு தொழில். பயிற்சி பெற்றோராலேயே அது நடத்தப்படல் வேண்டும். நுண்ணுயிர்த் தொட்டி உயிருள்ள பொருள் போன்றது. காற்றுச் செலுத்தும் பொறி நீண்டநேரம் நின்றால் அதன் பற்றீரியாக்கள் மாளும். கடுங்காரமோ பூச்சிகொல்லியோ திடீரெனப் புகின் அவை நலிவுறும். நாடோறும் நீரைச் சோதித்து, பதிவு எழுதி, குறைகண்டு திருத்தும் இரசாயன அறிஞரும் இயக்குநரும் இல்லாத நிலையம், குருக்களில்லாத கோயிலைப் போலக் கல்லும் சுவருமாய் நிற்கும். கழிவுநீரோடு நன்னீரைச் சேர்த்து ஐதாக்கி அளவுக்குள் அடக்குவதும் சுத்திகரிப்பாகாது. கடலிற் சேரும் அழுக்கின் மொத்தம் அதனால் அணுவளவுங் குறையாதாகலின்.

சட்டமும் அளவும்

இலங்கையிலே 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், 1988 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், கழிவை வெளியேற்றும் தொழிற்சாலைகள் உரிமம் பெறுதல் வேண்டுமென விதித்தன. 2008 இன் ஒழுங்குவிதிகள் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு ஒட்சிசன் கேள்வி 30 மில்லிகிராம், எண்ணெய் 10 மில்லிகிராம் என எல்லை வகுத்தன. கரையோரக் கடலுக்கு முறையே 100, 20 எனத் தளர்த்தின. அதே ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் கடல் மாசடைவதைத் தடுத்தற்கு வழிசெய்தது.

கடலுக்கு அளவு தளர்த்தப்பட்டமை கடலின் பரப்பை நோக்கியேயாம். ஆனால், பெயரளவிற் கடலாயினும் இயல்பளவில் ஏரியை ஒத்த உட்குடாக்களுக்கு அத்தளர்வு பொருந்துமா என்பது சிந்தித்தற்குரியது. சட்டம் கூறுவது தாழ்ந்தபட்ச எல்லை. அதனினுந் தூய நீரை விடுவதை எச்சட்டமுந் தடுப்பதில்லை. சுத்திகரிப்புக்குச் செலவாகும் என்பது மெய்யே. எனினும், தொழிற்சாலை செய்யாத செலவு மறைந்துவிடுவதில்லை. அது மீனவனின் வெறும்வலையாகவும், குடும்பத்தின் வைத்தியச் செலவாகவும், கெட்டுப்போன கிணறாகவும், அத்தொழிலால் ஒரு சதமும் ஈட்டாதோர் தலையிற் சென்று விழுகின்றது.

மாணவர்க்குரிய பணி

இவ்விடயத்திலே கல்லூரிகள் செய்யத்தக்க பணியும் உண்டு. நீரிற் கரைந்த ஒட்சிசனை அளத்தற்கு உவிங்கிளர் என்னும் அங்கேரிய அறிஞர் 1888 இல் கண்ட முறை, உயர்தர வகுப்பின் இரசாயன ஆய்வுகூடத்திலேயே செய்யக்கூடியது. மங்கனீசுச் சல்பேற்று, காரங் கலந்த பொற்றாசியம் அயடைட்டு, சோடியந் தயோசல்பேற்று, மாக்கரைசல் ஆகியவற்றுக்கு மேல் அதற்கு வேண்டுவது மிகுதியில்லை. துறைமுகத்தைச் சூழ்ந்த சில இடங்களைத் தெரிந்து, மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே வேளையில் நீரெடுத்து அளந்து, ஏட்டில் எழுதிவரின், பத்தாண்டுகளிலே அவ்வேடு எந்த வாதத்தினும் வலிய சான்றாகும். இன்று அளந்து வையாத நீரைப்பற்றி, அது முன்பு எவ்வளவு தூயதாயிருந்தது என நாளை எவராலும் நிறுவமுடியாது.

திருகோணமலைத் துறையை வந்தவர் பலரும் தத்தம் கப்பலுக்காகக் காத்தனர். அத்துறையின் மீனையும் கிணற்றையும் நம்பி வாழ்வோர், அதனை அதன் நீருக்காகவே காத்தல் வேண்டும். தொழிலும் வளர்க; தொழில் தந்த அழுக்கைத் தொழிலே நீக்குக. அங்ஙனமாயின், ஆழத்துக்கும் அடைப்புக்கும் பெயர்பெற்ற துறை தூய்மைக்கும் பெயர்பெறும்.